முள்ளம்பன்றியின் மூன்று கேள்விகள்

ஒரு காட்டில் தண்ணீருக்கு டோக்கன் போட்டிருந்தார்கள். கோடை அப்படி. இருந்தது ஒரே குட்டை. காலையில் பன்றிக் கூட்டம் இறங்கிப் புரண்டுவிட்டால் அப்புறம் அது குட்டை இல்லை, சேறு. அதனால் குடும்பத்துக்கு வாரம் ஏழு டோக்கன், முத்திரை குத்திய புரச இலை. இலை வைத்திருப்பவன் பன்றிக்கு முன்னால் குடிக்கலாம். இல்லாதவன் பன்றி குளித்த மிச்சத்தைக் குடிக்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். சனிக்கிழமை காலையில் இலை கொடுப்பார்கள். சனிக்கிழமை மத்தியானமே அதை வைத்துச் சீட்டாட உட்கார்ந்துவிடுவார்கள். அதுதான் கெட்டுப்போன இடம்.

ஆட்டத்துக்குப் பெயர் போக்கர். ஆளுக்கு ரெண்டு சீட்டு, கவிழ்த்து. அதை எவனுக்கும் காட்டக் கூடாது. பிறகு நடுவில் மூன்று சீட்டைத் திருப்பிப் போடுவார்கள், அது எல்லாருக்கும் பொது. அதற்குத்தான் ஃப்ளாப் என்று பெயர். கையில் இருப்பதையும் நடுவில் கிடப்பதையும் சேர்த்து எவனுக்கு நல்ல கூட்டு அமைகிறதோ அவனுக்கு இலை எல்லாம். ஃப்ளாப் விழுந்ததும் பந்தயம் கட்டலாம், இல்லை 'செக்' என்று சொல்லிச் சும்மா இருக்கலாம். ஒருத்தன் கட்டிவிட்டால் மற்றவன் ஈடாகக் கட்ட வேண்டும். மனசில்லை என்றால் சீட்டைப் போட்டுவிட்டு நகர வேண்டும். அதற்கப்புறமும் ரெண்டு சீட்டு வரும், அது நம் கதைக்கு வேண்டாம்.

இதில் சடையன் என்கிற முள்ளம்பன்றி மூன்று வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தான். ஏழு இலையும் போய், வீட்டில் சேற்றுத் தண்ணீர். சின்னக் குட்டிக்கு வயிற்றுக் கடுப்பு நிற்கவே இல்லை.

"இந்த வாரமும் வெறுங்கையோட வந்தேன்னு வை," என்றாள் அவன் மனைவி வீராயி, "பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வளைக்குப் போயிடுவேன். நீ சீட்டுக்கட்டோட குடும்பம் நடத்து."

சடையனுக்கு ஒன்றுதான் புரியவில்லை. நல்ல சீட்டு வந்து கட்டினால் எதிரே இருக்கிறவர்கள் சீட்டைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். ஒன்றுமில்லாமல் துணிந்து கட்டினால் சிரித்துக்கொண்டே ஈடு கட்டுகிறார்கள். எப்படித் தெரிகிறது இவர்களுக்கு?

காடு முழுக்கத் தெரிந்த விஷயம் அது. நல்ல சீட்டைப் பார்த்தால் அவன் முதுகில் முள் அத்தனையும் சிலிர்த்துக்கொண்டு எழுந்து நிற்கும். கெட்ட சீட்டு என்றால் படுத்துக் கிடக்கும். எல்லாருக்கும் தெரியும், அவனைத் தவிர. பாவம், தன் முதுகை எவன் பார்த்தான்?

அவனோடு ஆடுகிற நரி மாசிலாமணியும் கரடி பேச்சிமுத்துவும் இதைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். மூன்று வாரமாக நல்ல தண்ணீர் குடிக்கிறவன் ஏன் வாயைத் திறக்கிறான்?

சடையன் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். கோளாறு சீட்டில் இல்லை, ஃப்ளாப் விழுந்ததும் எப்போது கட்டுவது என்கிற படிப்பு தனக்கு இல்லை. நேராக மந்தியிடம் போனான். டூரிஸ்ட் ஒருத்தர் விட்டுப்போன செல்போன் மந்தியிடம்தான் இருந்தது. வீடியோ பார்க்க அரைக் கிழங்கு. அதற்கு முன்னால் ஒரு படிவம் வேறு.

"பேரு, இனம், வால் நீளம்," என்றது மந்தி.

"வால் நீளம் எதுக்குங்க?"

"எல்லாரும் எழுதுறாங்க. நீயும் எழுது."

எழுதிக் கொடுத்தான். வீடியோவில் கண்ணாடி போட்ட ஒருத்தர் பேசினார். ஃப்ளாப் விழுந்ததும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டுமாம். விழுந்த சீட்டு உன் கையோடு ஒட்டுகிறதா? எதிரே எத்தனை பேர்? உனக்கு அப்புறம் பேசப்போகிறவன் யார்? எதிரே ஒருத்தன்தான் என்றால் ஒட்டாவிட்டாலும் ஒட்டினது மாதிரி கட்டிப் பார்க்கலாம். ரெண்டு மூன்று பேர் இருந்தால் அந்த வீரமெல்லாம் வேண்டாம். கடைசியில் பேசுகிறவன்தான் ராஜா, அவன் மற்றவன் செய்வதைப் பார்த்துவிட்டுச் செய்வான். முதலில் பேசுகிறவன் குருடன். "ஆகவே நண்பர்களே, மிக முக்கியமாக..." என்று அவர் ஆரம்பித்தபோது சார்ஜ் தீர்ந்துவிட்டது.

"மீதி?" என்றான் சடையன்.

"மீதிக்கு மீதிக் கிழங்கு," என்றது மந்தி.

சனிக்கிழமை மத்தியானம். புதிதாக வாங்கின ஏழு இலையோடு சடையன் வந்தான். எப்போதும் உட்காருகிற இடத்தில் கரடி உட்கார்ந்துவிட்டதால் புங்க மரத்தடியில் போய் உட்கார்ந்தான். அடியில் கட்டெறும்புப் புற்று. அதை அவன் பார்க்கவில்லை. மூன்று கேள்வியை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ளே, மந்திரம் ஓதுறே?" என்றது நரி.

"படிச்சிட்டு வந்திருக்கேன் மாசிலாமணி அண்ணே. இன்னிக்கு எனக்குக் கணக்குத் தெரியும்."

"கேட்டீங்களா கரடியாரே, படிச்சவங்களோட ஆடுறோம். மரியாதையா உட்காருங்க."

அன்றைக்குத் தலைக்கு மூன்று இலை முதலில் வைத்தாக வேண்டும் என்று நரியே சட்டம் போட்டது. நடுவில் ஒன்பது இலை. சடையனிடம் மிச்சம் நாலு.

கையில் வந்த ரெண்டு சீட்டைத் தூக்கிப் பார்த்தான். ஒரு ஏழு, ஒரு ரெண்டு. இதைவிடக் கெட்ட கை போக்கரில் கிடையாது. முள் படுத்தது. நரியும் கரடியும் தங்கள் சீட்டைப் பார்ப்பதிலேயே இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

ஃப்ளாப் விழுந்தது. ராஜா, ஒன்பது, நாலு.

சடையன் நிதானமாகக் கேட்டுக்கொண்டான். ஒட்டுகிறதா? ஒரு புள்ளிகூட ஒட்டவில்லை. எதிரே எத்தனை பேர்? ரெண்டு. அப்புறம் பேசுகிறவன் யார்? ரெண்டு பேருமே, முதல் பேச்சு நம்முடையது. அப்படியானால் கட்டக் கூடாது. செக். இருக்கிற நாலு இலையாவது வீட்டுக்குப் போகும். வீராயியிடம் நாலு நாளாவது தள்ளலாம். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான முடிவை எடுத்த நிம்மதியோடு, 'செக்' என்று சொல்ல வாயைத் திறந்தான்.

அப்போது ஒரு கட்டெறும்பு அவன் பின்புறத்தில், முள் இல்லாத இடமாகத் தேடிப் பிடித்து, கடித்தது.

முள் அத்தனையும் சலசலவென்று எழுந்து நின்றது. முன்னங்கால் ரெண்டும் விலுக்கென்று நீண்டதில் நாலு இலையும் தரையில் கிழித்திருந்த பந்தயக் கோட்டைத் தாண்டி நடுவில் போய் விழுந்தது. கோட்டைத் தாண்டின இலை திரும்பாது என்பது காட்டுச் சட்டம்.

கரடியின் கையில் ராஜாவும் நாலும் இருந்தன. ரெண்டு ஜோடி, நல்ல கைதான். ஆனால் அது முள்ளைத்தான் பார்த்தது. "இந்த உயரத்துக்கு நான் பார்த்ததே இல்லப்பா," என்று சீட்டைப் போட்டுவிட்டது.

நரியிடம் ரெண்டு ஒன்பது. நடுவில் கிடப்பதோடு மூன்று ஒன்பது. அதை ஜெயிக்க ஒரே வழி, சடையன் கையில் ரெண்டு ராஜா இருக்க வேண்டும். நரி அவனைச் சுற்றி ஒரு நடை நடந்து முதுகைப் பார்த்தது. முகத்தைப் பார்த்தது.

சடையனுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எறும்பு இன்னும் விடவில்லை.

"சந்தோஷத்துல அழுவுறான்," என்றது நரி. "மூணு ராஜா. சந்தேகமே இல்ல." ரெண்டு ஒன்பதையும் தரையில் போட்டது.

ஆட்டம் முடிந்தது. சடையன் இலையை அள்ளும்போது வால் பட்டு அவன் சீட்டு புரண்டது. ஏழு. ரெண்டு.

கரடி குனிந்து அதை முகர்ந்து பார்த்தது.

"அடப்பாவி," என்றது நரி. "உன்னை நம்பலடா. உன் முள்ளைத்தானே நம்பினேன்."

நரி எதைச் சொல்கிறது என்று சடையனுக்கு விளங்கவில்லை. பதிமூன்று இலையை வாயில் கவ்விக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

"எல்லாம் அந்த மூணு கேள்வி வீராயி," என்றான். "படிப்புன்னா படிப்புதான். எப்பக் கட்டணும்னு ஒரு நேரம் இருக்கு பாரு, அது எனக்குப் பிடிபட்டுப் போச்சு."

வீராயி இலையை எண்ணி வைத்தாள். அவனைத் திரும்பி உட்காரச் சொன்னாள். இன்னும் கவ்விக்கொண்டிருந்த கட்டெறும்பைப் பிய்த்தெடுத்தாள். அதையும் பார்த்தாள், அவன் முதுகையும் பார்த்தாள். இத்தனை வருஷம் கிழங்குக் குழம்பு வாசனைக்கு அந்த முள் எழுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தவள். அவளுக்கா புரியாது?

"எங்கே உட்கார்ந்து ஆடினே?"

"புங்க மரத்தடியில."

"அந்த இடம் உனக்கு ராசி," என்றாள். "அடுத்த வாரமும் அங்கேயே உட்காரு. கடிச்சா எழுந்திரிக்காதே."

நீதி: சீட்டு நல்லதாக இருந்தால் மூன்று கேள்வி கேட்டுக்கொண்டு கட்டு. சீட்டு மோசமாக இருந்தால் எறும்புப் புற்றின் மேல் உட்கார்.