கூரை ஒழுகவில்லை, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளை நிதிஷ் அவர்களுக்கு,

திருப்பூர் நல்லூரிலிருந்து மாமனார் பொங்கியண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். புதுக் கூரையும் நலம். அங்கே உங்கள் நலத்தையும், நிறைமாதமாக இருக்கும் கீர்த்தனாவின் நலத்தையும் அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படித்துவிட்டு நீங்கள் பேசாமல் இருந்துவிடுகிறீர்கள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு உங்கள் இலையில் ரசம் ஊற்றியது உங்கள் அத்தை. அதில் தண்ணீர் ஊற்றியது எங்கள் பழைய கூரை. அதை மனதில் வைத்துத்தானே, "ஒழுகற ஊட்டுக்குப் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டனுங்க மாமா" என்று சொல்லிவிட்டீர்கள்? தலைப்பிரசவம் எங்கள் வீட்டில் நடக்காவிட்டால் ஊர் என்ன பேசும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அதனால்தான் ஒழுகிய அந்தத் தளத்துக்கு மேலேயே, மாடியில் அவளுக்கென்று ஓர் அறை கட்டினேன்.

பனியன் கம்பெனியில் ஆயுள் முழுக்கச் செக்கிங் பார்த்தவன் கூரை போட்டால் சும்மா இருப்பானா? வேல்குமார் மேஸ்திரியிடம், "மொதல்ல ஒரு சாம்பிள் போட்டுக் காட்டுங்க, அப்ரூவல் குடுத்தப்புறம் மொத்தமும் போடலாம்" என்றேன். "ஏனுங்க, கூரைக்குச் சாம்பிளுங்களா?" என்று அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கம்பிகளின் இடைவெளியை இஞ்ச் டேப்பால் அளந்தேன், கம்பி பலகையில் ஒட்டிக் கிடந்தால் பின்னால் துருவேறும் என்று அடியில் சின்னச் சின்ன சிமெண்ட் கட்டை வைக்கச் சொன்னேன், கலவையில் கூடுதலாக ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வந்த ஆளின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதுவரை எல்லாம் சரி. காங்கிரீட் இறுகும்வரை ஈரம் காயக் கூடாது, நனைந்த சாக்கு விரியுங்கள் என்றார் மேஸ்திரி. திருப்பூரில் இருந்துகொண்டு சாக்குக்கு எங்கே அலைவது? கம்பெனியிலிருந்து வேஸ்ட் துணி மூட்டைகளைக் கொண்டுவந்து விரித்து மோட்டாரைப் போட்டுவிட்டேன். அத்தனையும் சாயம் நிற்காத சிவப்புத் துணி என்பதை, அதை ரிஜெக்ட் செய்த நானே மறந்துபோனேன்.

தெருச் சாக்கடை முழுக்கச் சிவப்பு. எதிர்வீட்டு முனவர் பேகம் ஓடிவந்து, "ஏனுங்கண்ணா, எங்களைக் கூப்புடாம கெடாவெட்டுங்களா?" என்று கேட்டார். அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஜீப் வந்து நின்றது. மாடியில் திருட்டுச் சாயப்பட்டறை ஓடுகிறதாம், யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். அதிகாரி எங்களைப் போலவே ஏணியில் ஏறி, "பாய்லர் எங்க இருக்குது?" என்றார். "பாய்லர் இல்லீங்க சாமி, இது பிரசவ ரூமுங்க" என்றேன். அவர் நம்பாமல் முட்டுக்கம்புகளுக்கு நடுவே தலையை நுழைத்தார். மழைக்குழாய் இருக்கும் மூலையிலிருந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு சிவப்புச் சொட்டு விழுந்தது. "சாயப்பட்டறை இல்ல, ஒத்துக்கறேன். ஆனா உங்க கூரை ஒழுகுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். 

அப்புறம் மேஸ்திரி பலகையைப் பிரித்து, குழாயைச் சுற்றிக் கொத்தி இறுக்கமாக அடைத்தார். மேலே தண்ணீர் தேங்காமல் குழாய்ப் பக்கம் ஓடும்படி வாட்டம் கொடுத்து, தட்டோடும் பதித்தார். பிறகு நல்ல தண்ணீரைத் தேக்கி, கீழே வெள்ளைப் பனியன் துணி விரித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. என் செக்கிங்கில் பாஸ்.

ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை கீர்த்தனாவைத் தவறாமல் அழைத்து வாருங்கள். சிவன்மலை முருகன் உங்கள் இருவரையும், வரப்போகும் குழந்தையையும் நன்றாக வைத்திருக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
அன்பு மாமனார்,
பொங்கியண்ணன்

பின்குறிப்பு: அந்த அறையிலேயே உட்கார்ந்து எழுதலாம் என்று ஆசையாக ஏறிவந்தேன். இப்போது இறங்கப் பார்த்தால் ஏணியைக் காணோம். வேலை முடிந்ததென்று மேஸ்திரி தன் ஏணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்ததில் மாடிக்குப் படி கட்ட எல்லோருமே மறந்துவிட்டோம். "ஏனுங்க, புள்ளை எப்படிங்க மேல ஏறுவா?" என்று கீழிருந்து உங்கள் அத்தை சத்தம் போடுகிறாள். நான் எப்படி இறங்குவேன் என்று அவள் கேட்கவில்லை. முனவர் பேகம் ஏணி தேடிப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை வேண்டாம் மாப்பிள்ளை, படி கட்டியதும் சொல்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஆனால் ஒரு சொட்டு ஒழுகவில்லை.