சியோல் முறைப்படி ஒரு படையல்

இந்த வருடம் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். மாளய அமாவாசைக்கு என் அப்பாவுக்குப் படையல், முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில். வடை சுடுவது என் மனைவி சிந்துஜா.

"எங்கப்பாவுந்தான் செத்துப்போயிருக்காரு. கருவடிக்குப்பத்துல எங்கம்மா ஒத்தையா என்ன செய்யும்? நான் அங்க போறேன்."

"கல்யாணமானவ புருஷன் வீட்டுலதான் படைக்கணும்."

"யாரு சொன்னா?"

நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. இப்படிக் கேட்டுவிட்டால் ஆதாரம் காட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. சிந்துஜா கொரியத் தொடர்களாகப் பார்த்துத் தள்ளுகிறவள். அதனால் ஆதாரத்தைச் சியோலிலேயே தேடினேன். ஓர் ஆவணப்படம் சிக்கியது. என் அம்மா தையல்நாயகியைச் சாட்சிக்கு உட்காரவைத்துக் கைப்பேசியில் ஓடவிட்டேன்.

"பாரு, வானத்தைக் குத்துற கட்டடம். டிரைவரே இல்லாத ரயிலு. ஆனா அறுவடைப் பண்டிகை வந்தா?"

திரையில் ஒரு மருமகள் தரையில் உட்கார்ந்து, மீனை மாவில் தோய்த்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். புருஷனின் முன்னோருக்குப் படையலாம்.

"அப்ப சியோல் மாதிரியே செய்யலாங்கறீங்க?"

"அச்சு அசலா!"

"அத்தை, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேம்மா."

வெற்றி! நிறுத்தக் கை நீட்டினேன்.

"டேய் செம்மல், ஏண்டா அமத்துற? நல்லாத்தான போவுது?" என்றார் அம்மா.

போயிற்று. மத்தியானம் அந்த மருமகள் புருஷனைக் காரில் ஏற்றிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போனாள். இப்போதெல்லாம் பல வீடுகளில் இப்படித்தான் என்றது பின்னணிக் குரல். அங்கே அந்தத் துரோகிப் புருஷன் ஏப்ரன் கட்டிக்கொண்டு தானே சுட ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே சுட்டான்!

"நல்ல புள்ள," என்றார் அம்மா.

"அது வந்து..."

"அச்சு அசலான்னது நீங்க," என்றாள் சிந்துஜா.

"அங்க போயிப் படைக்க மத்தியானம் ஆயிடுமே!"

"எங்கப்பா காத்திருப்பாரு. உயிரோட இருந்தப்பவே அவருக்கு அவசரம் கெடையாது."

"ஆம்பள சுட்ட வடையைப் படைக்கலாமா?"

"உங்கப்பா ஆயுசுக்கும் டீக்கடை வடைதாண்டா தின்னாரு," என்றார் அம்மா. "சுட்டவன் ஆம்பளதான்."

நான் அடங்கவில்லை. "சுடறேன். ஆனா ஒத்துக்கிட்டதா அர்த்தமில்ல!"

அமாவாசையன்று காலையில் சிந்துஜா என் அப்பாவுக்குப் படைத்தாள். மத்தியானம் கருவடிக்குப்பத்தில், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நான். எதிர்ப்பைப் பதிவு செய்தாக வேண்டுமே! மாவில் உப்பே போடவில்லை. காகம் தொடாது. காகம் தொடாவிட்டால் மாமனார் ஏற்கவில்லை என்று அர்த்தம். அத்தோடு அடுத்த வருடமும் நான் சுட வேண்டியதில்லை.

மதில்மேல் இலையை வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

ஒரு காகம் வந்தது. வடையைக் கொத்தியது. கூப்பாடு போட்டுச் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டியது.

பிறகு மாமியார் ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டார். கண் கலங்கிவிட்டது.

"அவருக்கு ரத்தக் கொதிப்பு மாப்ள, கடைசி வரைக்கும் உப்பில்லாமதான் சாப்ட்டாரு. எனக்கே மறந்துபோச்சு, நீங்க நெனப்பு வச்சிருக்கீங்க. இனிமே வருஷாவருஷம் நீங்கதான் சுடணும்."