கை மேல, கை கீழ

தொடர்ந்து ஆறு வருஷம், ஒரு வருஷம்கூடத் தவறாமல், தப்பாகவே ஜோசியம் சொல்லக்கூடிய மனிதர் பூலோகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். திருமுல்லைவாயில் ரயில்வே ஸ்டேஷனில் அவருக்கு வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. லீவரைப் பிடித்து சிக்னல் கம்பத்தின் கையை ஏற்றி இறக்குகிறவர் என்பதால் எங்களுக்கு அவர் கைகாட்டி.

யுத்தம் வருவதற்கு முந்தைய காலம். கோடையில் ஏரி வற்றியதும் அதன் நடுவில் நான்கு ஊர்கள் கால்பந்து ஆடும். ஆவடி, பட்டாபிராம், கோவில்பதாகை, அப்புறம் நாங்கள். பரிசு ஒரு பித்தளைச் சொம்பு, அதுவும் விளிம்பு நசுங்கியது. அந்தச் சொம்புக்காக மாமன் மச்சான்கள் வருஷத்தில் மூன்று மாதம் முகத்தில் விழிக்க மாட்டார்கள். அந்த ஆறு வருஷத்தில் எங்கள் ஊருக்கு அது ஒரு தடவைகூட வரவில்லை. நான்தான் கோல்கீப்பர். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆட்டங்கள் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில், கைகாட்டி பிளாட்பாரத்தில் நின்று ஜோசியம் சொல்வார். நான்கு ஊர்க்காரர்களும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்போம். சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்த பிறகுதான் வாய் திறப்பார்.

"பட்டாபிராம், கை மேல. கோவில்பதாகை, கை மேல. முல்லைவாயிலு, கை மேல. ஆவடி, கை கீழ."

அவ்வளவுதான். காரணம் கேட்டால், "ரயிலு கார்டே என்னைக் கேக்க மாட்டாரு, நீ இன்னா கேக்குறது?" என்று போய்விடுவார்.

கை ஓங்கினால் ஜெயம், இறங்கினால் தோல்வி. தமிழ் தெரிந்தவன் அப்படித்தானே எடுத்துக்கொள்வான்? ஆனால் நடப்பது நேர் தலைகீழ். கை கீழ என்று அவர் சொன்ன ஊர் சொம்பைத் தூக்கிக்கொண்டு போகும். கை மேல என்ற மூன்றும் மண்ணைக் கவ்வும். ஒரே சொம்பை மூன்று ஊர் எப்படி ஜெயிக்கும் என்று கேட்கிற அளவுக்கு எங்களில் எவனுக்கும் மூளை இல்லை.

மூன்றாவது வருஷத்திலேயே எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். ஆவடி காப்டன் ஒரு தூக்கு நிறைய முறுக்கோடு வந்து, "அண்ணாத்தே, இந்த வாட்டியும் எங்களுக்குக் கை கீழ வையி" என்று குழைந்தான். எங்கள் ஊர் தோற்கும் என்று சொல் என லஞ்சம் கொடுத்த கூட்டம் வேறு எங்காவது உண்டா?

"முறுக்குக்கெல்லாம் கை எறங்காது நைனா. லைன் கிளியரா இருந்தாதான் எறங்கும்" என்றார் கைகாட்டி. முறுக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

எங்களுக்குக் கை மேல என்று சொன்னதும் எங்கள் முகம் தொங்கிப் போகும். அவர் வந்து ஆறுதலாக முதுகைத் தட்டுவார். ஜெயிப்பாய் என்று வாழ்த்திக் கவிழ்த்துவிட்டு முதுகை வேறு தட்டுகிறார் பார், கொழுப்பு, என்று கறுவிக்கொள்வோம்.

எங்களுக்கு விஷயம் புரிவதற்குக் கல்யாணப் பந்தியிலேயே வழி இருந்தது. சாதம் போதும் என்றால் ஊரார் இலைமேல் கையை மறைப்பார்கள். இவர் கையைத் தோள் உயரத்துக்கு விறைப்பாகப் பக்கவாட்டில் நீட்டுவார். பக்கத்து இலைக்காரர் மூக்கில் சாம்பார் ஏறும். இன்னும் வேண்டுமென்றால் கையைத் தொங்கவிடுவார். பரிமாறுகிறவன் அவரை மட்டும் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டான். நாங்கள் சிரித்ததோடு சரி.

ஏழாவது வருஷம் எங்கள் காப்டன் துரைசாமி எல்லோரையும் ஏரிக்கரைக்குக் கூப்பிட்டான். "இந்த வாட்டியும் சொம்பு வரலைன்னா டீமைக் கலைச்சிடுறேன். அப்பறம் போயி ஆவடிக்கே ஆடுங்க" என்றான். ஆவடிக்கு ஆடுவதா! எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஜோசியத்துக்கு முந்தின நாள் பதினோரு பேரும் ஸ்டேஷனுக்குப் போய் நின்றோம்.

"அண்ணாத்தே, நீயும் நம்மூரு. ஒரே ஒரு வருசம் நாங்க தோப்போம்னு சொல்லேன்" என்றான் துரைசாமி.

கைகாட்டி விழித்தார். "தோப்பீங்கன்னுதானே ஆறு வருசமா சொல்லிக்கினு கீறேன்!"

"எங்க சொன்னே? கை மேல, கை மேலன்னு..."

"ஆமா. கை மேல நின்னா வண்டி நிக்கும். கீழ எறங்கினாதான் உள்ள வரும். ரயிலு ஓரத்துலயே பொறந்து வளந்துட்டு இதுகூடத் தெரியாதாடா உங்களுக்கு?"

பதினோரு பேரும் தலையைத் திருப்பி சிக்னல் கம்பத்தைப் பார்த்தோம். கை விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமும் மனிதர் அட்சரம் பிசகாமல் சரியாகச் சொல்லியிருக்கிறார். எல்லோரையும்விட அதிகமாக அதிர்ந்தவர் அவர்தான். இத்தனை நாளும் தன்னைத் தப்பு ஜோசியர் என்றா நான்கு ஊரும் நினைத்தது?

துரைசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "சொந்த ஊரு தோக்கும்னு எத வெச்சு சொன்னே?"

"சாயங்கால வண்டிய வெச்சுதான். வேலை முடிஞ்சு ஆவடிக்காரன் அத்தினி பேரும் ஒரே டப்பால சிரிச்சிக்கினு போறான். நீங்க எறங்குறதப் பாக்குறேனே! ஆளுக்கொரு டப்பா. வண்டிக்கு எட்டு டப்பாதான், மீதி மூணு பேரு படிக்கட்டுல."

 துரைசாமி கம்மிய குரலில், "இந்த வருசம்?" என்றான். டீம் கலையப் போகிற கதையையும் சொன்னான். கைகாட்டி எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு லீவர் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலை பித்தான்களைப் போட்டு முடித்தார். "ஆவடி, கை மேல. பட்டாபிராம், கை மேல. கோவில்பதாகை, கை மேல." சற்று நிறுத்தி, வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முல்லைவாயிலு, கை கீழ."

மற்ற மூன்று ஊர்க்காரர்களும் எங்களைப் பொறாமையோடு பார்த்தார்கள். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து பதினோரு பேரும் ஒரே டப்பாவில் ஏறினோம். அதில் தினமும் வந்துகொண்டிருந்த மோர்க்காரம்மா, "உங்களுக்குத் தனி ரயிலு வுடச் சொல்லுங்கடா" என்று வைதுவிட்டு அடுத்த டப்பாவுக்கு மாறிக்கொண்டார். ஆட்டமும் பிரமாதமாக ஆடினோம். கடைசி ஆட்டத்தில் ஆவடியிடம் ஒரே ஒரு கோலில் தோற்றோம். பந்து என் கால் நடுவில் போயிற்று. அதைப் பற்றி இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

துரைசாமி மண்ணில் உட்கார்ந்து, பந்தின் வாரை அவிழ்த்துக் காற்றைப் பிடுங்கப் போனான். டீமுக்கு இருந்தது அந்த ஒரே பந்து. அப்போது ஏரிக்கரையிலிருந்து கைகாட்டி இறங்கி வந்தார்.

"இன்னாடா பண்றே?"

"கை கீழன்னு சொன்னியே அண்ணாத்தே, தோத்துட்டோமே!"

"எறக்கினது எறக்கினதுதான். வண்டி லேட்டு. லேட்டுன்னா ஸ்டேஷனையே மூடிடுவாங்களா? கட்டுடா வாரை."

துரைசாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாரைக் கட்டினான்.

மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டர் என்னிடம் கேட்டார். "இந்த வருஷம் ஆவடிதான்னு கைகாட்டி போன மாசமே எங்கிட்ட சொன்னானேப்பா. அப்புறம் ஏன் மாத்திச் சொன்னான்?" வேலையில் ஒரு நாளும் தப்பான கையை இறக்காத மனிதர். எங்களுக்காக ஒரு தடவை இறக்கியிருக்கிறார். 

அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் எங்கள் ஊர்ப் பெயர் வந்தால், "எறக்கினது எறங்கியே கீது" என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டாவது வருஷம் ஜெயித்தோம். நசுங்கிய சொம்பைத் தூக்கிக்கொண்டு ஏரியிலிருந்து ஸ்டேஷன்வரை ஓடினோம். கைகாட்டி டியூட்டியில் இருந்தார். சொம்பைப் பார்த்தார், பிறகு ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு வருசம் லேட்டு" என்றார்.

சொம்பை வாங்கிப் பானைத் தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு, கண்ணையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார். "வண்டி பூந்துடுச்சு இல்ல, இனிமே கையை ஏத்திடுவேன். அடுத்த வருசம் உங்களுக்குக் கை மேல." சொன்னபடியே அடுத்த வருஷம் தோற்றோம்.

அதற்கப்புறம் எத்தனையோ பேர் என்னைப் பற்றிச் சரியாகக் கணித்திருக்கிறார்கள். எனக்காக ஒரு தடவை தப்பாகச் சொல்லிவிட்டு, அது பலிக்கும்வரை இரண்டு வருஷம் கையை இறக்கியே வைத்திருந்த மனிதர் அவர் ஒருவர்தான்.