உதையோடு ஒரு சமையல் குறிப்பு

அன்பு மைத்துனர் ஹோங்ஷெங்குக்கு, லுவோயாங்கிலிருந்து அத்தான் யோங்ஃபா எழுதுவது. இங்கே என் மூட்டுவலியைத் தவிர எல்லோரும் நலம். லான்ஜோவில் குழந்தைகள் நலமா?

உன் அக்கா குய்லிங்கைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டும். காய்கறிச் சந்தை வாசலில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுட்டு விற்கும் கிழவர் பாங்கின் அடுப்பைக் காவலர் தேங் காலால் உதைத்துத் தள்ளினான். அதை உன் அக்கா கைப்பேசியில் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். உருண்ட கிழங்கு ஆறுவதற்குள் தணிக்கைக்காரர்கள் அந்தப் படத்தைத் தூக்கிவிட்டார்கள். ‘தெருவில் பந்தாட்டம்’ என்று பெயர் மாற்றிப் போட்டாள், அதுவும் போயிற்று. கடைசியில் படமே இல்லாமல் சமையல் குறிப்பாக எழுதினாள்: “கிழங்கை அடுப்பில் அடுக்கவும். பொன்னிறமானதும் சீருடை அணிந்தவரை அழைத்து ஓர் உதை விடவும்.” அது மட்டும் தப்பித்தது. ஊரே கீழே சந்தேகம் கேட்டது: “அக்கா, உதை பூட்ஸோடவா, வெறுங்காலோடவா?”

மறுநாள் காவல் நிலையத்தில் ‘தேநீருக்கு’, அதாவது விசாரணைக்கு, அழைத்தார்கள். துணைக்கு நானும் போனேன்.

“அத்தை, வதந்தி பரப்புறீங்க. அப்படி ஒரு வீடியோவே கிடையாது” என்றார் நிலையத் தலைவர்.

“இல்லாத வீடியோவுக்கு எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?”

அவர் என் ஓய்வூதியத்தைப் பற்றி மெதுவாக விசாரித்தார். அது நின்றுபோனால் மாதத்தை எப்படி ஓட்டுவது என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். உன் அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“இவரு பஸ் ஓட்டின காலத்துல யார் மேலயாவது லேசா உரசினாக்கூட இறங்கி மன்னிப்பு கேப்பாரு. உங்க ஆளையும் கேக்கச் சொல்லுங்க. நான் சமையலை விட்டுடறேன்.”

தேங் வந்தான், ஹோங்ஷெங். சந்தைக் கூட்டத்துக்கு நடுவே, “தப்பு என்னோடது, பெரியவரே” என்று குனிந்தான். பாங் அவன் கையில் ஒரு சூடான கிழங்கை வைத்தார். என் கண் கலங்கிவிட்டது. உன் அக்கா அதையும் படம் பிடித்து, காவல்துறையை மனதாரப் பாராட்டிப் போட்டாள்.

அதையும் தூக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் தேங் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். “நான் உதைச்சது உங்க சமையல் குறிப்பால ஊருக்கே தெரியும், அத்தை. மன்னிப்பு கேட்டது சந்தைக்கு வெளியே யாருக்கும் தெரியல. எங்கம்மாவே நம்ப மாட்டேங்கறா. இதையும் சமையல் குறிப்பா எழுதிக் குடுங்களேன்.”

இப்போது இருவரும் சமையலறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இப்படி ஒருத்தியை எனக்குக் கட்டிக்கொடுத்த உங்கள் குடும்பம் நூறாண்டு தழைக்கட்டும்.

அன்புடன்,
யோங்ஃபா

பி.கு.: நான் கையெழுத்துப் போடுவதற்குள் உன் அக்கா இந்தக் கடிதத்தையும் படம் பிடித்துப் போட்டுவிட்டாள். ஆகவே மேலே சொன்னது எதுவும் நடக்கவில்லை. யாராவது கேட்டால், எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொல்.