ராசாவுக்குக் குளிருது

காலையில் வந்து பார்த்தபோது ராசாவின் இலைகளில் ஒன்று நுனியிலிருந்து பாதி வரை கறுத்திருந்தது. கொள்ளிக்கட்டையால் யாரோ இழுத்துவிட்ட மாதிரி. நாகமுத்து அதை விரலால் தேய்த்துப் பார்த்தான். கறுப்பு கையில் ஒட்டவில்லை.

ராசா என்பது ஒரு செடி. மலேயா நாட்டுப் பாக்கு. தண்டெல்லாம் குங்குமத்தைக் கரைத்துப் பூசினதுபோல் செக்கச்செவேலென்று கொத்தாக நிற்கும். புதுவாயலைத் தாண்டி, கல்கத்தா ரோட்டை ஒட்டிப் புதிதாக வந்திருந்த இரும்புக் குழாய்க் கம்பெனியில், மேனேஜர் பங்களா வாசலில் அது இருந்தது. மேனேஜர் அரசப்பனின் மனைவி புனிதவதி கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அந்தச் சித்திரையில் அவள் புருஷனோடு கப்பலேறியபோது, அவளுடைய அப்பா தன் வீட்டு வாசலிலிருந்து பெயர்த்துக் கொடுத்த கன்று அது. அங்கே அதைப் ‘பினாங் ராஜா’ என்பார்களாம். நாகமுத்துவின் வாயில் அது முதல் நாளே ராசாவாகிவிட்டது.

ஆடியிலும் ஆவணியிலும் ராசா ஜோராகத்தான் வளர்ந்தான். மார்கழி பிறந்து, வாடைக்காற்று அடித்து, விடிகாலைப் பனியில் ரோட்டில் போகிற லாரிகள்கூடக் கண் தெரியாமல் தடவிக்கொண்டு போக ஆரம்பித்தபோதுதான் வந்தது வினை.

நாகமுத்துவுக்கு நெல் தெரியும், வேர்க்கடலை தெரியும். சொல்லப்போனால் அந்த பங்களா வாசலிலேயே இரண்டு வருஷத்துக்கு முன்பு அவன் நெல் நட்டிருக்கிறான். அது அவன் நிலம். கம்பெனிக்காக எடுத்துக்கொண்டபோது, நிலம் போன வீட்டுக்கு ஓர் ஆள் வேலை என்றார்கள். அவனுக்கு வாய்த்தது தோட்ட வேலை. அதுவும் தற்காலிகம்.

மேனேஜர் வந்து இலையைப் பார்த்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை.

“இந்தக் குளிர் முடியிற வரைக்கும் இது உயிரோட நிக்கணும். நின்னா உன்னை பர்மனென்ட் ஆக்குறேன். செத்துச்சுன்னா நீ கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கோ.”

சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற புனிதவதி செடிப் பக்கம் வரவில்லை. நோவு கண்ட பிள்ளையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கத் தாய்க்கு மனசு வருமா என்று நாகமுத்து தனக்குள் சொல்லிக்கொண்டான்.

வாடின பயிருக்கு அவனுக்குத் தெரிந்த வைத்தியம் தண்ணீர்தான். மேல் தொட்டித் தண்ணீரைச் சாயங்காலம் குடம் குடமாக ஊற்றினான். அது கைவிரல் விறைக்கிற தண்ணீர். மறுநாள் பார்த்தால் ராசாவின் மற்ற இலைகளும் நனைந்த துணி மாதிரித் தொங்கின.

தண்ணீர் ஆகாது, போர்த்த வேண்டும் என்று தோன்றியது. பங்களாவில் சமைக்கிற செங்கம்மாளிடம் சாக்கு கேட்டான். அவள் பழவேற்காட்டுக் கரையோரக் குப்பத்துக்காரி. யோசித்துவிட்டு, ஊரிலிருந்து தனக்கு வந்த சாக்கு ஒன்றைக் கொடுத்தாள். நாகமுத்து அதை ராசாவுக்குத் தலையோடு கவிழ்த்து, அடியில் கயிறு கட்டி, திருப்தியாக வீட்டுக்குப் போனான்.

அது கருவாட்டுச் சாக்கு.

விடிவதற்குள் புதுவாயல் நாய்களில் பாதி பங்களாவுக்குள் வந்துவிட்டுப் போயிருந்தன. சாக்கு கந்தலாகி வேலியில் கிடந்தது. ராசாவின் தண்டுகளில் இரண்டு அடியோடு சாய்ந்திருந்தன. மிச்சமிருந்தவற்றில் பல் பதிந்திருந்தது.

நாகமுத்து செங்கம்மாளிடம் போய் நின்றான். “இன்னாக்கா, கருவாட்டுச் சாக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சாக்குதானே கேட்டே. வாசனை இல்லாத சாக்குன்னா கேட்டே?” என்று அவள் வெங்காயம் அரிவதை நிறுத்தாமல் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவன் தன் வீட்டிலிருந்து கம்பளியைக் கொண்டுவந்தான். அந்த வீட்டில் இருந்த ஒரே கம்பளி. அவன் மனைவி எல்லம்மாவுக்கு மார்கழி வந்தால் இருமல் வரும். அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து மெள்ள உருவிக்கொண்டு வந்துவிட்டான். பொழுது சாய்ந்ததும் ராசாவுக்கு அதைப் போர்த்திவிட்டான். பனியெல்லாம் கம்பளி குடித்தது. குடித்துக் குடித்துக் கனத்து, நடுத்தண்டை முறித்துக்கொண்டு உட்கார்ந்தது.

அந்த ஈரக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் நின்ற கோலத்தைப் பார்த்து, புனிதவதி முதல் தடவையாகப் படியிறங்கி வந்தாள். பாதி வழியிலேயே நின்றுகொண்டாள்.

“நாகமுத்து, எதுக்கு இப்படிக் கஷ்டப்படுறீங்க? அது எங்க ஊர்ச் செடி. இந்தக் குளிர் அதுக்கு ஒத்துக்காது. போனா போகட்டும், விட்டுடுங்க.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பன் கொடுத்த கன்று, அதை விட்டுவிடு என்கிறாளே, யாருக்காக? ஒரு தோட்டக்காரன் குளிரில் நடுங்குகிறானே என்று. இப்படி ஒரு மகராசிக்காக இந்தச் செடியைக் காப்பாற்றவில்லை என்றால் தான் மனுஷனே இல்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டான்.

“நீங்க கவலப்படாதீங்கம்மா. என் உசுரக் குடுத்தாவது ராசாவை எழுப்பிக் காட்றேன்” என்றான்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு செங்கம்மாள் வந்து, பொங்கல் முடிகிறவரை அவனுக்குச் சம்பளத்தோடு லீவு என்று அம்மா சொல்வதாகச் சொன்னாள். எல்லம்மாவுக்கு என்று ஒரு புதுக் கம்பளியும் கொண்டுவந்தாள். நாகமுத்து கம்பளியை வாங்கிக்கொண்டான். லீவை மறுத்துவிட்டான். ராசாவை இந்த நிலைமையில் விட்டுவிட்டுப் போக அவன் என்ன நன்றி கெட்டவனா?

செங்கம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நல்லா வந்து வாய்ச்சே நைனா” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதையும் அவன் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டான்.

கோழிக்குஞ்சுக்கு பல்பு போட்டுச் சூடு காட்டுவதை மாதவரம் பண்ணையில் தான் பார்த்ததாகக் கம்பெனி எலக்ட்ரீஷியன் கோபால் சொன்னான். குஞ்சுக்கு ஆகும் என்றால் ராசாவுக்கு ஆகாதா? இரண்டு பேருமாகச் சேர்ந்து பங்களாவிலிருந்து ஒயர் இழுத்து, ஒரு பெரிய பல்பைக் கூடைக்குள் தொங்கவிட்டு, கூடையை ராசாவின் மேல் கவிழ்த்தார்கள். அன்று பார்த்து மேனேஜர் வீட்டில் பம்பாய் ஆபீசிலிருந்து வந்த விருந்தாளிகள். இருட்டத் தொடங்குகிற நேரம். சூப்பை வாயில் வைத்திருப்பார்கள். பனி பல்பின் ஹோல்டருக்குள் இறங்கியது. பட்டென்று ஒரு சத்தம். பங்களா முழுதும் இருண்டது. உள்ளே யாரோ நாற்காலியோடு விழுந்தார்கள்.

நாகமுத்து கேட்டுக்கு அந்தப் பக்கம் போவதற்குத் தயாராகத் துண்டை எடுத்து உதறினான். மேனேஜர் டார்ச்சோடு வந்தார். வெளிச்சத்தை அவன் முகத்தில் அடித்தார். பிறகு கூடையின் மேல் அடித்தார்.

“பரவாயில்லை. விடாதே. வேற ஏதாவது பண்ணு” என்றார்.

அவ்வளவுதான். ஒரு திட்டு இல்லை. கடைநிலை ஆள் ஒருவன் போல்ட்டைக் கீழே போட்டதற்காக அரை நாள் வெயிலில் நிற்க வைத்த மனுஷன் அவர். பெண்டாட்டி மேல் அவ்வளவு பிரியம் போலிருக்கிறது என்று நாகமுத்து அசந்துபோனான். அசந்ததோடு நிற்கவில்லை. வேறு ஏதாவது செய்தான்.

ராசாவைச் சுற்றி ஒரு கொட்டகை போட்டுவிடுவது என்று தீர்மானித்தான். அதற்குக் கீற்று வேண்டும். நல்ல காய்ந்த கீற்று அவனுக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான் இருந்தது. அவன் வீட்டுக் கூரையில்.

வடக்குப் பக்கத்தை அவன் பிரித்துக்கொண்டிருந்தபோது எல்லம்மா குடத்தோடு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

“இன்னா பண்ணிகினு கீறே?”

“ராசாவுக்குக் குளிருது.”

“எனக்கு?”

அவன் ஏணியிலேயே நின்றபடி விளக்கப் பார்த்தான். வேலை பர்மனென்ட் ஆனால் ஓடே போட்டுவிடலாம் என்றான். அம்மாவின் நல்ல மனசைச் சொன்னான். எல்லம்மா இருமி முடிக்கும்வரை இருமினாள். பிறகு புதுக் கம்பளியையும் இரண்டு புடவையையும் மூட்டையாகக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். நீ ராசாகூடக் குடும்பம் நடத்து.”

திருவாலங்காட்டுக்கு ரயிலேறிப் போய்விட்டாள். கூரை திறந்த வீட்டில் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்தான். அதன் பிறகு அவனுக்கும் இருமல் வந்தது.

ராசாவுக்குக் கொட்டகை பிரமாதமாக அமைந்தது. நான்கு பக்கமும் கீற்று, உள்ளே வைக்கோல், மேலே ஒரு கூம்பு. பார்க்கிறவர்கள் கம்பெனி வாசலில் புதிதாக ஏதோ சாமி வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். லாரி டிரைவர் ஒருவர் இறங்கி வந்து கற்பூரமே ஏற்றிவிட்டுப் போனார்.

தை பிறந்தது. பொங்கலுக்கும் எல்லம்மா வரவில்லை. வாடை நின்று, காலை வெயிலில் சூடு தெரிய ஆரம்பித்ததும் மேனேஜர் கொட்டகையைப் பிரிக்கச் சொன்னார். நாகமுத்து ஒவ்வொரு கீற்றாக எடுத்தான். வைக்கோலை விலக்கினான்.

உள்ளே ராசா என்று சொல்ல எதுவும் இல்லை. கறுத்த குச்சிகள் சில நின்றன. தொட்டதும் அதுவும் கையோடு வந்தது.

மேனேஜர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகம் இறுகியது. திரும்பி உள்ளே போய்விட்டார்.

நாகமுத்து தரையில் உட்கார்ந்தான். நிலம் போயிற்று, வேலை போயிற்று, கூரை போயிற்று, பெண்டாட்டி போய்விட்டாள். அப்போதுதான் புனிதவதி வந்தாள். இந்தத் தடவை பாதி வழியில் நிற்கவில்லை. செடி இருந்த இடம் வரை வந்து குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. சின்னப் பெண்ணின் சிரிப்பு. அந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து நாகமுத்து அதைப் பார்த்ததில்லை.

“வருத்தப்படாதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லை. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது, நான் பேசிட்டுத்தான் போவேன்” என்றாள். அவன் மனைவி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். ஊருக்குப் போய் அவளை அழைத்துக்கொண்டு வரச் சொன்னாள்.

துக்கத்தை விழுங்கிவிட்டு எனக்காகச் சிரிக்கிறாளே என்று அவனுக்கு நெஞ்சு வெடித்தது. இந்த அம்மாவை வெறுங்கையோடு திருப்பி அனுப்பக் கூடாது. இரண்டு கையாலும் மண்ணைப் பறித்தான். வேரை ஒட்டி, விரல் நகத்தால் கிளறிக் கிளறிப் போனான். அழுகல், அழுகல், மறுபடி அழுகல். அதற்குக் கீழே, கிளி மூக்கு மாதிரி ஒன்று கூராகத் தட்டுப்பட்டது. ஊதிப் பார்த்தான். செக்கச்செவேலென்றிருந்தது.

“அம்மா,” என்று கத்தினான். “ராசா சாவலம்மா. குருத்து வுட்டுக்கீறான். இங்க பாருங்க.”

கத்தின சத்தத்தில் மேனேஜர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். மண்டியிட்டுப் பார்த்தார். நாகமுத்துவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். நாளையிலிருந்து அவன் பர்மனென்ட் என்றார். பம்பாய் வரை அவன் பேரைச் சொல்லப்போவதாகச் சொன்னார். நாகமுத்து கையைக் கூப்பிக்கொண்டு புனிதவதியைத் தேடினான். அவள் அங்கே இல்லை. உள்ளே ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆனந்தம் தாங்காமல் அழப் போயிருப்பாள் என்று நினைத்தான்.

சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. சமையல்கட்டுப் பின்வாசலுக்குப் போனான். செங்கம்மாள் தரையில் உட்கார்ந்து ஒரு பெரிய தோல் பெட்டியின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மடித்து அடுக்கியிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

“அக்கா, ராசா பொழைச்சிகினான், எனக்கு வேலை பர்மனென்ட். நீ இன்னா பெட்டிய வச்சிகினு அழுவறே?”

செங்கம்மாள் ஒரு புடவையை மடியில் போட்டுக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அங்க கிள்ளான்ல அம்மாவோட அப்பா சாவக் கெடக்குறாரு நைனா. இந்தக் குளிர்ல அந்தச் செடி செத்துச்சினா உன்னை ஊருக்குக் கப்பலேத்தறேன், பொழைச்சிச்சினா நீயும் இங்கியே கெடன்னு ஐயா சத்தியம் வாங்கிகினாரு. காலையிலதான் பெட்டி கட்டினோம்.”