நூற்றெழுபது ஜீபியும் மூன்று நாளும்

அம்பிட்டிய,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ராஜலிங்கம் மாமாவுக்கு,

யசோதினி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நேற்று நீங்கள் கடவத்தையிலும் கட்டுநாயக்க விமான நிலையத்திலும் நின்ற நிலையை யோசித்தால் குறைந்திருக்க வழியில்லை என்றும் தெரிகிறது. அத்தையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் கீழே.

நேற்று மாலை நீங்கள் போனில், "எல்லாரும் சேந்து என்னைய வச்சு வெளையாடுறீங்களா?" என்று கேட்டீர்கள். நான் "ம்" என்றேன். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அது மட்டும்தான் வெளியே வந்தது. பிறகு நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். எழுதும்போது எனக்குக் குரல் தேவைப்படுவதில்லை, அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

ஹுஸைன் நானாவின் வீடியோ ஸ்டூடியோவில் என்னைச் சேர்த்துவிட்டது நீங்கள். நீங்கள் வேலை செய்யும் கடைக்குக் கேபிள் வாங்க வந்தவரிடம், "எங்க அக்கா மக கணக்குல புலி" என்று நீங்கள் சொன்னதை அவர் இன்னும் மறக்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார், நான் கொம்பியூட்டருக்குப் பின்னால் குனிந்துகொள்கிறேன். மூன்று மாதம் வைத்துப் பார்க்கிறேன் என்றார். அந்த மூன்று மாதம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஹேவாஹெட்டயில் அம்மா, மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று தேயிலைத் தோட்டம் முழுக்க இப்போதே சொல்லிவிட்டார். ஆகவே இந்த வாரம் பிழை விடக்கூடாத வாரம்.

திங்கட்கிழமை பிற்பகல் ஓர் அக்குறணைக் கல்யாணத்தின் வீடியோ முழுவதும் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. நான்கு கமராவில் எடுத்தது, நூற்றெழுபது ஜீபி. எங்கள் கல்யாணங்களை வெட்டி ஒட்டித் தருகிறவர் சென்னையில் இருக்கிறார். பெண்ணின் தகப்பன் தோஹாவில் வேலை செய்கிறார். லீவு கிடைக்காமல் மகளின் கல்யாணத்தையே பார்க்காதவர். வெள்ளி மாலை அங்கே ஒரு மண்டபம் எடுத்து, கூட வேலை செய்கிறவர்களை அழைத்து, பெரிய திரையில் கல்யாணத்தைப் பார்க்கப் போகிறார். புதன் பகலுக்குள் எல்லாம் வந்து சேராவிட்டால் வேறு வேலையை எடுத்துவிடுவேன் என்று எடிட்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் கொம்பியூட்டரில் அனுப்பத் தொடங்கினேன். ஹுஸைன் நானா என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். பின்னால் யாராவது நின்றால் எனக்கு வாயே திறக்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

"செல்லுங்க தங்கச்சி, எத்தின நாள் போகும்?"

கணக்கை நான் அவசரமாகப் போடவில்லை மாமா. எங்கள் இணையம் வினாடிக்குப் பதினாறு மெகாபிட் அனுப்பும். பிட்டையும் பைட்டையும் ஒன்றாக எண்ணி எல்லோரும் விழும் குழியில் நான் விழவில்லை. எட்டால் வகுத்து, வினாடிக்கு இரண்டு எம்பி என்று எடுத்தேன். நிமிடத்துக்கு நூற்றிருபது. மணித்தியாலத்துக்கு ஏழாயிரத்து இருநூறு, அதாவது ஏழு ஜீபி. ஒரு நாளைக்கு ஐம்பத்தாறு ஜீபி. நூற்றெழுபது போவதற்கு மூன்று நாளும் கொஞ்சமும். மனதுக்குள் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, "மூணு நாள் நானா" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. பக்கத்து மேசையில் கமராவைத் துடைத்துக்கொண்டிருந்த அஸ்ஃபர்தான் உரக்கத் திருப்பிச் சொன்னார்.

ஹுஸைன் நானா உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் என்றால் வியாழன் தாண்டிவிடும். அந்தத் தகப்பனுக்கு என்ன பதில் சொல்வது என்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று அவருடைய மச்சான் பஹீமின் நினைவு வந்தது. பஹீம் செவ்வாய் மாலை சென்னைக்குப் பறக்க, நீர்கொழும்பில் வந்து தங்கியிருந்தார். எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுப் பஹீமின் கையில் சேர்த்துவிட்டால், செவ்வாய் இரவே எடிட்டர் வீட்டில். கண்டியிலிருந்து கொழும்பு பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடலாம். வழியில் கடவத்தையில் வாங்கி, விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க நம்பிக்கையான ஒருவர் வேண்டும் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அப்படித்தான் மாமா, உங்களுக்கு அந்தப் போன் வந்தது.

டிஸ்க்கில் பதிந்தாகிவிட்டதால் கொம்பியூட்டரில் போய்க்கொண்டிருப்பதை நிறுத்துவதா விடுவதா என்று கேட்க நினைத்தேன். அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்து, சரியாக அமைத்து, திரும்பினால் நானா படியிறங்கிப் போய்விட்டார். அதனால் அது அதன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

செவ்வாய் காலை அஸ்ஃபர் டிஸ்க்கைப் பஞ்சில் பொதிந்து, பழைய பிஸ்கட் தகரத்தில் வைத்து, மூன்று சுற்று டேப் ஒட்டினார். பஸ்ஸில் போகிறதுதானே என்று, கொழும்பு தெமட்டகொடையில் இருக்கும் தன் தங்கை ஹபீலாவுக்கும் உம்மா கிண்டிய தொதல் இனிப்பை அதே மாதிரித் தகரத்தில் வைத்து அதே டேப்பை ஒட்டினார். இரண்டும் அருகருகே மேசையில் இருந்ததை நான் பார்த்தேன். ஒன்றின் மேல் பெயர் எழுதினால் நல்லது என்றும் நினைத்தேன். அஸ்ஃபர் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர், அவருக்குத் தெரியாததா என்றும் நினைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கடவத்தையில் ஒன்று, கொழும்புக் கோட்டையில் ஒன்று என்று கண்டக்டரிடம் சொல்லிக் கொடுத்ததாக அஸ்ஃபர் சொன்னார். கண்டக்டர் சொன்னபடிதான் செய்திருக்கிறார். ஒன்றைக் கடவத்தையில் கொடுத்தார், மற்றதைக் கோட்டையில் ஹபீலாவின் கணவரிடம் கொடுத்தார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் பக்கம் மட்டும்தான் தெரியும். நீங்கள் வெயிலில் நின்று வாங்கி, இரண்டு பஸ் மாறி, லீவு போட்டு, மடியில் குழந்தையைப் போல வைத்துக் கொண்டுபோய்ப் பஹீமிடம் கொடுத்த தகரத்தை, விமான நிலையத்தில் திறந்துகாட்டச் சொன்னார்கள். அவர் டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம் இங்கே நாங்கள் மூவரும் போனைச் சுற்றி நின்றோம். பஹீம் இணைப்பைத் துண்டிக்காமலே பிரித்தார். மூடி திறந்த சத்தம் கேட்டது. பிறகு, "மச்சான், இதில தொதல் ஈக்கி" என்றார்.

ஹுஸைன் நானா அஸ்ஃபரைப் பார்த்தார். அஸ்ஃபர் தரையைப் பார்த்தார். பஹீம் உங்களைத்தான் சந்தேகித்திருக்கிறார், வழியில் மாற்றிவிட்டீர்கள் என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். அதற்காக அவர் சார்பிலும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் அவரைத் திரும்பக் கேட்டது எங்களுக்கும் கேட்டது. அதில் ஒரு வார்த்தையும் பிழையில்லை.

அஸ்ஃபர் தங்கைக்குப் போன் போட்டார். தகரம் வந்ததா என்று கேட்டார். வந்தது நானா, எறும்பு ஏறும் என்று அப்பவே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன், இன்னும் திறக்கவில்லை, இரவு எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போகிறோம் என்றாள் ஹபீலா. கல்யாணம் முழுவதும், மாப்பிள்ளையும் பெண்ணும் நான்கு கமராவும், தெமட்டகொடையில் கறிச்சட்டிக்குப் பக்கத்தில் குளிர்ந்துகொண்டிருந்தது. தெமட்டகொடையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு அந்த நேரத்து நெரிசலில் யாராலும் போய்ச் சேர முடியாது. பஹீம் விமானம் ஏறிவிட்டார். கோபத்தில் தொதலையும் கொண்டுபோய்விட்டார் என்று பிறகு தெரிந்தது.

ஹுஸைன் நானா நல்ல மனிதர் மாமா. ஒளிக்காமல் தோஹாவுக்கு எடுத்துப் பேசினார். சாமான் சென்னைக்குப் போய்ச்சேர மூன்று நாள் ஆகும், வெள்ளிக்கிழமைக்கு வீடியோ வராது, மாப்பு என்றார். அந்தப் பக்கத்தில் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. அவர் சத்தம் போடவில்லை. மண்டபத்தில் கதிரை போடச் சொல்லிவிட்டேனே ஹாஜியார் என்று மட்டும் சொன்னார். அது எனக்கும் கேட்டது. நானா போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னம் எவ்வளவு மிச்சமீக்கி எண்டு பாத்துச் செல்லுங்க தங்கச்சி. சரியா ஒரு நேரமாவது குடுப்போம் அவருக்கு."

நான் கொம்பியூட்டரைப் பார்த்தேன். மிச்சம் ஒன்றும் இல்லை. நூறு வீதம், அனுப்பி முடிந்தது என்று இருந்தது. முடிந்திருக்க முடியாது, ஒரே நாளில் ஐம்பத்தாறுதான் போகும், ஆகவே எங்கோ அறுந்துபோய்ப் பொய் சொல்கிறது என்று நினைத்தேன். ஆரம்பத்திலிருந்து திரும்பவும் அனுப்புவதற்குப் பொத்தானில் விரலை வைத்துவிட்டேன். அழுத்தினால் அங்கே போயிருப்பது எல்லாம் அழிந்துவிடும். என் விரல் அதன் மேலேயே இருந்தது. நானா போனை மூடியபடி காத்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொன்னால் போதும், எனக்கு வரவில்லை.

அப்போது அஸ்ஃபரின் போன் அடித்தது. சென்னை எடிட்டர். நான்கு கமராவும் முழுசாக வந்துவிட்டது, நிக்காஹ் வரை வெட்டியாகிவிட்டது, பாட்டு எது போடட்டும் என்று கேட்டார்.

ஹுஸைன் நானா தோஹாவுக்குச் செய்தியைச் சொன்னார். பிறகு போனை வைத்துவிட்டு, கதிரையை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தார். எனக்கு அந்தக் கதிரை இழுபட்ட சத்தம் இன்னும் கேட்கிறது.

"மூணு நாளெண்டீங்க."

கணக்கைக் காட்டச் சொன்னார். காட்டினேன். வினாடி, நிமிடம், மணித்தியாலம் வரை விரலை வைத்து வாசித்துக்கொண்டு வந்தவர், நாளில் நின்றார்.

"ஏழ எனத்தால பெருக்கின?"

"எட்டால நானா."

"எனத்துக்கு எட்டு?"

"ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலந்தானே நானா."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. அறுபது வினாடி, அறுபது நிமிடம் என்பதெல்லாம் நான் படித்து வந்தவை, அவற்றைக் கவனமாகப் பெருக்கினேன். நாள் என்பது நான் படித்ததல்ல. காலையில் பெரட்டில் பெயர் கொடுத்து, பின்னேரம் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டால் அம்மாவுக்கு ஒரு நாள். மழையில் பாதியில் அனுப்பினால் அரை நாள். எங்கள் வீட்டில் நாளை வேறு விதமாக யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் அதை யாரும் என்னிடம் கேட்கவுமில்லை.

ஹுஸைன் நானா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப இன்டர்நெட் லைனும் பின்னேரம் மலையால எறங்கி ஊட்டுக்குப் போறதா, தங்கச்சி?"

அஸ்ஃபர் சிரிப்பை அடக்க வெளியே போனார். நானா சிரிக்கவில்லை. எழுந்து தொழப் போய்விட்டார். இன்று முழுவதும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். என் ஒரு பெருக்கலால் நீங்கள் விமான நிலையத்தில் திருடன் என்று பெயர் வாங்கினீர்கள், பஹீமுக்கும் உங்களுக்கும் பகை வந்தது, ஒரு தகப்பன் சில நிமிடம் நொந்து போனார். வெள்ளிக்கிழமை என்னை நிறுத்திவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கண்டிக்கு வந்து, அம்மாவின் காதுக்குப் போகுமுன் நானாவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். நான் பேசினால் "ம்" என்றுதான் வரும்.

அத்தைக்கு என் அன்பு. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசியும் கோபமும் இரண்டுமே எனக்கு வேண்டும். கோபத்தைக் கொஞ்சம் பிந்தி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்,
யசோதினி.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் நானா என்னைக் கூப்பிட்டார். போனேன். தோஹாக்காரர் போன் எடுத்தாராம். மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடித்துக் கொடுத்த ஸ்டூடியோ என்று மண்டபம் முழுக்கச் சொல்லப் போகிறாராம், இளைய மகளின் கல்யாணமும் எங்களுக்குத்தானாம். "பத்து வருஷமா அஸ்ஃபர் செல்ற தேதியில ஒரு கல்யாணமும் போய்ச்சேரல்ல. இனிமேல் கஸ்டமருக்கு நாள் செல்றது நீங்க. ஒங்கட நாளாலயே கணக்குப் போடுங்க, மாத்த வாணாம்" என்றார். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கத் தேவையில்லையாம், வேலை இன்றிலிருந்து நிரந்தரம். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை அலைய வேண்டாம்.

இன்னொன்று. இதுவரை அரை நாள் போல வந்து போனது போதும், நிரந்தரம் என்றால் முழு நாள் வேலை என்றும் சொன்னார். நான் தலையாட்டிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான், அது என்னுடைய நாளா, இணையத்தினுடைய நாளா என்று கேட்காதது நினைவுக்கு வந்தது. வாக்கியத்தை அமைத்து வைத்திருக்கிறேன், மூன்று முறை அவருடைய கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாங்க மாமா.