பால் படாத விருந்து

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் சமையல் வீடியோக்களில் கம்பு இடித்த கையும், கீரை ஆய்ந்த கையும், புளி கரைத்த கையும் என்னுடையவை அல்ல. அம்மாவுடையவை. குரல் மட்டும்தான் என்னுடையது. "வணக்கம் மக்களே, இன்னிக்கு நாம செய்யப் போறது ஆரோக்கியமான கம்பஞ்சோறு" என்று தேன் ஒழுகப் பேசுவேன். (வீகன்காரர்களுக்குத் தேனும் ஆகாது என்பது பிறகுதான் தெரிந்தது.) பேசி முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வெந்நீர் வைப்பதைத் தவிர அடுப்படியில் எனக்கு எதுவும் தெரியாது. அதிலும் ஒருமுறை பாத்திரத்தைத் தீயவிட்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. சாத்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியில் ஆபீஸ் வேலை. அம்மாவும் அங்கேதான், தரைச்சக்கரம் சுற்றும் அறையில். அந்த வருடம் ஆர்டர் குறைவு. பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"செல்வி, நாளைக்குச் சென்னையிலருந்து ஒரு பார்ட்டி வாராக. பெரிய ஆர்டரு. சத்தம் போடாத ஐட்டமா மட்டும் கேக்காக. நாயி, குருவியெல்லாம் பயந்துருமாம்."

"சரிங்க முதலாளி."

"அவுக வீகனாம். கறி, மீன், முட்டை கிடையாது. பாலு, தயிரு, நெய்யும் ஆகாதாம். ஓட்டல்ல கேட்டா, இதெல்லாம் இல்லாம என்னத்தப் பண்ணங்கான். அப்பத்தான் வீட்டுல ஒன் வீடியோவக் காட்டுனாக. கம்பு, மொச்சை, கீரைன்னு என்னமா சமைக்கே! நாளைக்கு மத்தியானச் சாப்பாடு ஒன் பொறுப்பு."

அந்த நேரத்தில் வாயைத் திறந்து, "அது எங்கம்மா சமைச்சது" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. ஆனால் முதலாளி, "பார்ட்டிக்கும் ஒன் வீடியோவ அனுப்பிட்டேன்" என்றார். நான் கொஞ்சம் வெட்கப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். (அது வெட்கம் இல்லை, பயம்.)

அம்மா அன்று காலையில்தான் ஆலங்குளத்துக்குப் போயிருந்தாள். சித்தி மகளுக்குச் சடங்கு. வெள்ளிக்கிழமை இரவுதான் திரும்புவாள்.

அதனால் என்ன, வீடியோ இருக்கிறதே என்று நினைத்தேன். தன் வீடியோவைத் தானே பார்த்துச் சமைக்கப் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அதில் ஒரு சிக்கல். "மொச்சையை நன்றாக ஊற வைத்து" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மொச்சை ஊறிவிடுகிறது. ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவளும் நான்தான். கம்பில் தண்ணீர் தெளித்து, இடித்து, உமியைப் புடைத்து எடுக்கும் பகுதி நீளமாக இருக்கிறது என்று நானே வெட்டி எறிந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மொச்சையை ஊறப்போட்டேன். எட்டு மணிக்குக் குக்கரில் ஏற்றினேன். வேலை மிச்சமாகட்டும் என்று புளியையும் அப்போதே கரைத்து ஊற்றிவிட்டேன். புளி விழுந்தால் பயறு வேகாது என்பது எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பன்னிரண்டு விசில் விட்டுத் திறந்து ஒன்றை எடுத்து நசுக்கினேன். நசுங்கவில்லை. கையை விட்டுத் தெறித்து ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் ரேடியோ செட் அலறியது.

"அம்மா, மொச்சை வேகலம்மா!"

"மச்சானா? வந்துட்டாகடி! இப்பத்தான் பந்தியில ஒக்காந்திருக்காக!"

"மச்சான் இல்லம்மா, மொச்சை! மொச்சை!"

"நல்லா இருக்காகடி! ஒன்னியக் கேட்டாக! வச்சிருதேன்!"

வைத்துவிட்டாள்.

உமியோடு வேகவைத்த கம்பு, புறாவுக்குப் போடுகிற பதத்தில் இருந்தது. அதை மிக்சியில் போட்டு அரைத்து, வடிகட்டி, கூழாக்கிவிடலாம் என்று திடீரென்று ஒரு யோசனை. கரைத்தேன். உப்புப் போட்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டேன். குடித்துப் பார்த்தேன். அருமை. அன்று என் கையால் உருப்படியாக வந்தது அது ஒன்றுதான். கத்திரிக்காய்ப் பொரியலில் அடி பிடித்ததை விட்டு மேலாக வழித்துக்கொண்டேன். முருங்கைக்கீரையில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது.

எல்லாவற்றையும் தூக்குச்சட்டிகளில் அடைத்துக் கம்பெனி வண்டியில் ஏற்றினேன். பட்டாசுக் கம்பெனிக்குள் தீக்குச்சி கிழிக்கக்கூடாது, அடுப்புக் கிடையாது. செல்போனைக்கூட வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். வேகாத மொச்சையை இனி யாராலும் வேகவைக்க முடியாது என்று அந்த வாசலைத் தாண்டும்போதுதான் உறைத்தது.

வந்தவர் பெயர் பிரபாகர். நாற்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுகிற, மரியாதையான மனிதர். ஆபீசை ஒட்டிய கொட்டகையில் இலை போட்டோம். வேலையாட்களின் சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. முதலாளியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிரபாகர் மொச்சை ஒன்றை வாயில் போட்டார். 'கடக்' என்று சத்தம் கேட்டது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"நல்லா... உறுதியா இருக்கு" என்றார் பிரபாகர். பிறகு என் கையைப் பார்த்தார். "வீடியோவில உங்க மணிக்கட்டில தேள் பச்சை குத்தியிருந்துச்சே?"

"அது... அழிஞ்சிருச்சு சார்" என்றேன்.

(பச்சை எப்படி அழியும் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர் என்று சொன்னேனே.)

பொரியலை ஒதுக்கினார். கீரையைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத் தண்ணீரைத் தேடினார். தண்ணீர் வைக்க மறந்துபோயிருந்தேன். கூழ் ஊற்றிய டம்ளரைக் கையில் எடுத்தார். அது ஒன்றாவது காப்பாற்றட்டும் என்று சாமியைக் கும்பிட்டபடி, அதை எப்படிக் கரைத்தேன் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கம்பு. உப்பு. வெங்காயம். மிளகாய். பிரிட்ஜிலிருந்த மோர்.

மோர்!

"குடிக்காதீக! கீழ போடுங்க! போடுங்க!" என்று கத்திவிட்டேன்.

பட்டாசுக் கம்பெனியில் யாராவது கத்தினால் ஏன் என்று கேட்கிற பழக்கம் கிடையாது. முதலில் ஓட வேண்டும், பிறகுதான் கேட்க வேண்டும். பக்கத்து அறையிலிருந்து "ஓடுங்க!" என்று ஒரு குரல். அடுத்த அறையிலிருந்து இன்னொன்று. போர்மேன் அபாயச் சங்கை ஊதிவிட்டார். வேலையாட்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினார்கள். முதலாளி எச்சில் கையோடு ஓடினார். கத்தினது நான்தான் என்பதையே மறந்து நானும் ஓடினேன்.

வாசலுக்கு வெளியே போர்மேன் தலை எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள். புகை இல்லை, சத்தம் இல்லை. சக்கரம் சுற்றும் அறையில் வேலை பார்க்கும் மாரியக்கா மட்டும் கூட்டத்தில் தன் மகளைத் தேடிப் பிடித்து, முகத்தைத் தடவித் தடவிப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அந்த நிமிடம் எனக்கு நிஜமாகவே செத்துப்போகலாம் என்றிருந்தது.

"எங்கன தீ?" என்றார் போர்மேன்.

"தீ இல்லண்ணே. கூழ்ல மோரு" என்றேன்.

நான் பிரபாகரைத் தேடினேன். ஓடும்போது டம்ளரைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. ஓடி வந்த களைப்பில், நாக்கு வறண்டு, வாசல் சுவரோரம் நின்று அதை ஒரே மூச்சில் குடித்து முடித்திருந்தார்.

"இது ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார் மூச்சு வாங்க. "இதில என்ன போட்டீங்க?"

சொன்னேன். மோரைச் சொன்னேன். அந்த வீடியோ, அம்மாவின் கை, அழியாத பச்சை எல்லாவற்றையும் முதலாளியின் முன்னால் ஒரே மூச்சில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிரபாகர் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு வருஷம் ஆச்சு" என்றார். கோபத்தில் சொன்னாரா, ஆசையில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாரியக்காதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முதலில் என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். பிறகு அவரிடம், "வாங்க சார், பசியோட நிக்கீக. நம்ம தூக்குல இருக்கதச் சாப்பிடுதீகளா?" என்றாள். சோளச்சோறு, தட்டாம்பயறும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு, நிலக்கடலைத் துவையல்.

"இதில பால், நெய் ஏதாவது..." என்று அவர் இழுத்தார்.

"பாலா? காப்பியே கடுங்காப்பியாத்தான் சார் குடிக்கோம். கொழம்புல ஊத்த எங்க போவ?"

அவர் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாரியக்கா தன் பங்கு போய்விட்டதால் மகள் தூக்கில் சாப்பிட்டாள். சாயங்காலம் கிளம்பும்போது பிரபாகர் ஆர்டரை எழுதிக் கொடுத்தார். "ஆளுங்க எவ்வளவு வேகமா வெளிய வந்தாங்கன்னு நானே பார்த்தேன். இந்த மாதிரி இடத்திலதான் சரக்கு வாங்கணும்" என்றார். போர்மேன் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். முதலாளி என்னிடம் பத்து நாள் பேசவில்லை.

இரவு வந்த அம்மா முழுக்கதையையும் கேட்டாள். திட்டவில்லை. முறத்தையும் கம்பையும் என் முன்னால் வைத்துவிட்டு, "பொடைடி" என்றாள். அடுத்த நாளிலிருந்து நான்தான் சமைத்தேன். முதல் மாதம் அப்பா பக்கத்து டீக்கடையில் இரண்டு வடை சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார் என்பது தனிக்கதை.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் சூலக்கரை. பந்தியில் ஒரு பக்கம் எங்கள் கம்பெனிப் பெண்கள், எதிர்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார். சாம்பார், ரசம் முடிந்து மோர் வாளி வந்தது. மாரியக்கா எழுந்து நின்று, "ஏலே, மோரு வருது!" என்று ஒரு சத்தம் போட்டாள். கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் இலையை விட்டு எழுந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு மண்டப வாசலுக்கு ஓடினார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு விவரம் தெரியாது. பட்டாசு செய்கிற இந்தப் பக்கத்தில் பத்துப் பேர் ஓடினால் பதினொன்றாவது ஆள் நின்று யோசிப்பதில்லை. அவர்களும் எழுந்து ஓடினார்கள். பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும் முந்திக்கொண்டு வாசலைத் தாண்டியவர் என் மாமியார்.

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை அவரேதான் சொல்வார். சொல்லி முடித்ததும் அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்.

"செல்வி, வந்தவுகளுக்கு மோரு கொண்டாம்மா. குடுக்கும்போது மட்டும் கத்திராத, எனக்கு முட்டி வலிக்கு."